வல்லத்தை ஆடவைப்போம்: கிம்ப் மென்பொருளில் ஃபிரேம் ஃபிரேமாக அனிமேஷன் செய்யும் முறை

அனிமேஷன் என்றதும் விலை உயர்ந்த கணினியும் தனி மென்பொருளும் ஓவியத் தேர்ச்சியும் வேண்டும் என்று எண்ணிப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். புகைப்படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் வைத்திருக்கும் மென்பொருளே தொடக்கத்துக்குப் போதும். 1996ஆம் ஆண்டிலிருந்து கட்டணமின்றிக் கிடைத்துவரும் கிம்ப் மென்பொருளில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படும் லேயர்கள் என்னும் படத்தாள்களையே, அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்களான ஃபிரேம்களாகக் காட்டும் வசதி இருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த ஒரு வசதியை மட்டும் வைத்துக்கொண்டு, இராமநாதபுரம் கடற்கரையில் அன்றாடம் கண்ணில் படும் கலங்கரை விளக்கம், வல்லம் எனும் நாட்டுப்படகு, பாம்பன் பாலம், பூநாரை ஆகிய நான்கையும் படிப்படியாக அசையவைக்கிறது.

கோடுகள் கோணலாக இருந்தாலும் பாதகமில்லை. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையில் பொருள் எத்தனை பிக்சல் (படத்தின் மிகச்சிறிய புள்ளி) நகர்கிறது என்பதைக் கொண்டுதான் கண் அதன் எடையையும் வேகத்தையும் கணிக்கிறது. அந்த இடைவெளி சரியாக அமைந்துவிட்டால் சிறுபிள்ளை வரைந்த படகும் தண்ணீரில் மிதப்பது போலத் தோன்றும். அது தவறினால் தேர்ந்த ஓவியர் வரைந்த படகும் அட்டைத்துண்டாகவே தெரியும். ஆகவே கீழே எண்கள் நிறைய வரும். கிம்ப்பின் ஆங்கிலப் பதிப்பில் உள்ள மெனுப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே தந்திருக்கிறேன்.

இரண்டே ஃபிரேமில் ஒரு கலங்கரை விளக்கம்

'ஃபைல்' மெனுவில் 'நியூ' கொடுத்து, அகலம் 640, உயரம் 360 பிக்சல் கொண்ட புதிய படத்தைத் திறந்துகொள்ளுங்கள். இதைவிடப் பெரிதாக எடுத்தால் வேலையும் கோப்பின் அளவும் வீணாகப் பெருகும். கருநீல வானம், அடியில் கருப்பாகக் கடல், ஓரத்தில் ஒரு கோபுரம் என்று பாம்பன் கலங்கரை விளக்கத்தை மனத்தில் வைத்து வரைந்துகொள்ளலாம். பிறகு 'லேயர்' மெனுவில் உள்ள 'டூப்ளிகேட் லேயர்' கொண்டு அதை நகலெடுத்து, மேலே இருக்கும் நகலில் மட்டும் விளக்கிலிருந்து கடலை நோக்கி விரியும் மஞ்சள் ஒளியைத் தீட்டுங்கள். இப்போது இரண்டு லேயர்கள் இருக்கின்றன, அதாவது இரண்டு ஃபிரேம்கள் இருக்கின்றன.

லேயர் பட்டியலில் அடியில் இருப்பதுதான் முதல் ஃபிரேம், அதற்கு மேலே இருப்பது இரண்டாவது. பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும் பழக்கத்தால் தொடக்கநிலையினர் பெரும்பாலும் இதைத் தலைகீழாக அடுக்கிவிட்டு, படகு ஏன் பின்னோக்கிப் போகிறது என்று குழம்புவார்கள்.

ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பதை லேயரின் பெயரிலேயே எழுத வேண்டும். பெயரின் மீது இருமுறை சொடுக்கி, பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் மில்லிவினாடி எண்ணையும், அதை ஒட்டி இடைவெளியின்றி எம், எஸ் என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளையும் தட்டச்சு செய்யுங்கள். ஆயிரம் மில்லிவினாடி ஒரு வினாடி. ஒளி இல்லாத லேயருக்கு 2000, ஒளி உள்ள லேயருக்கு 300 என்று கொடுத்துவிட்டு, 'பில்டர்ஸ்' மெனுவில் 'அனிமேஷன்' என்பதற்குள் இருக்கும் 'பிளேபேக்' பெட்டியைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். இருட்டு நீண்டு, ஒளி சட்டென்று வந்து மறையும். இரண்டுக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்தால் அதே படம் கல்யாண வீட்டு வாசலில் கட்டிய சீரியல் லைட் போல ஆகிவிடும். படத்தில் எதையும் மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றியே பொருளின் தன்மையை மாற்ற முடியும் என்பதை இந்தச் சிறிய பயிற்சியிலேயே பார்த்துவிடலாம்.

நங்கூரத்தில் நிற்கும் வல்லம்

மண்டபம் என்னும் கடலோர ஊரின் கரையில் நங்கூரமிட்டு நிற்கும் ஒரு நாட்டுப்படகைச் சற்று நேரம் கவனித்தால், அது மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை என்பது தெரியும். அலை வந்து தொடும்போது முன்பக்கமான அணியம் முதலில் தூக்கும். அலையின் முகடு படகுக்கு நேர் அடியில் வரும்போது படகு உயரத்தின் உச்சியில் இருக்கும், ஆனால் அப்போது அதில் சாய்வு இருக்காது. முகடு கடந்து போனதும் பின்பக்கம் உயர்ந்து அணியம் தாழும். ஏற்றமும் சாய்வும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடாமல், ஒன்றுக்குப் பின் ஒன்றாக வருவதால்தான் படகு தண்ணீருக்குச் சொந்தமானதாகத் தெரிகிறது. இணையத்தில் காணும் பல படகு அனிமேஷன்கள் ஊஞ்சல் போல ஆடுவதற்குக் காரணம், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நகர்த்துவதுதான்.

இதற்கு எட்டு ஃபிரேம்கள் போதும். முதலில் பட்டறைக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். அதில் மூன்று லேயர்கள் இருக்கட்டும்: அடியில் வானமும் தொலைவுக் கடலும், நடுவில் வல்லம், மேலே முன்பக்க அலை. அலை லேயர் வல்லத்துக்கு மேலே இருப்பதால் அடிப்பகுதி தண்ணீருக்குள் மறைந்துவிடும், வல்லத்தின் அடியைத் துல்லியமாக வரையும் வேலையும் மிச்சமாகும். வல்லத்தை ஏறத்தாழ 100 பிக்சல் நீளத்தில், அணியம் வலப்புறம் பார்த்திருக்கும்படி வரைந்துகொள்ளுங்கள்.

அலையை வரைவதில்தான் கவனம் வேண்டும். ஒரு முகடும் ஒரு பள்ளமும் சேர்ந்த முழு அலையின் அகலம் சரியாக 160 பிக்சல் இருக்கட்டும். நடுமட்டத்திலிருந்து முகடு 8 பிக்சல் உயரமும் பள்ளம் 8 பிக்சல் தாழ்வும் கொண்டிருக்கட்டும். அந்த ஒரு துண்டை நகலெடுத்து இடமிருந்து 0, 160, 320, 480 ஆகிய புள்ளிகளில் ஒட்டி, நான்கையும் ஒரே லேயராக இணைத்தால் 640 பிக்சல் அகலம் நிறைந்துவிடும். துண்டின் இடது விளிம்பும் வலது விளிம்பும் ஒரே உயரத்தில் முடிந்திருந்தால்தான் ஒட்டிய இடம் தெரியாது. இணைத்தபின் 'லேயர்' மெனுவில் 'லேயர் டு இமேஜ் சைஸ்' கொடுத்து அலை லேயரைப் படத்தின் அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பிறகு வல்லத்தை, அதன் நடுப்பகுதியிலிருந்து 40 பிக்சல் வலப்புறத்தில் ஓர் அலை முகடு இருக்கும்படி நகர்த்தி வையுங்கள். இதுதான் முதல் ஃபிரேமின் நிலை.

இனி அலை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 20 பிக்சல் இடப்பக்கம் நகரும். 'லேயர்' மெனுவில் 'டிரான்ஸ்பார்ம்' என்பதற்குள் 'ஆப்செட்' என்று ஒன்று உண்டு. அதில் எக்ஸ் பெட்டியில் கழித்தல் 20 கொடுத்து, விளிம்பைச் சுற்றிக்கொண்டு வரச்செய்யும் 'ராப் அரவுண்ட்' தேர்வை வைத்துக்கொண்டால், இடப்பக்கம் வெளியேறும் பகுதி வலப்பக்கத்தில் வந்து சேர்ந்துவிடும். எட்டு முறை இருபது நகர்ந்தால் 160, அதாவது ஒரு முழு அலை. ஒன்பதாவது ஃபிரேம் முதல் ஃபிரேமாகவே இருக்கும் என்பதால் அதை உருவாக்கக் கூடாது. உருவாக்கினால் ஒரே படம் அடுத்தடுத்து இரண்டு முறை நின்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறிய தடுக்கல் தெரியும். சுழன்று ஓடும் அனிமேஷன் எங்கேயாவது தடுக்கினால் நான் முதலில் சந்தேகிப்பது இந்த உபரி ஃபிரேமைத்தான்.

வல்லத்தின் நிலைகளை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் ஃபிரேமில் அது நடுமட்டத்தில் இருக்கும், அணியம் 4 டிகிரி தூக்கியிருக்கும். இரண்டாவதில் 6 பிக்சல் உயர்ந்து, அணியத்தின் தூக்கல் 3 டிகிரியாகக் குறையும். மூன்றாவதில் 8 பிக்சல் உயர்ந்து உச்சியைத் தொட்டு, சாய்வில்லாமல் இருக்கும், அலை முகடும் அப்போது சரியாக அதன் அடிக்கு வந்திருக்கும். நான்காவதில் உயரம் 6, அணியம் 3 டிகிரி தாழ்வு. ஐந்தாவதில் மீண்டும் நடுமட்டம், அணியம் 4 டிகிரி தாழ்வு. ஆறாவதில் 6 பிக்சல் கீழே, தாழ்வு 3 டிகிரி. ஏழாவதில் 8 பிக்சல் கீழே, சாய்வில்லை. எட்டாவதில் 6 பிக்சல் கீழே, அணியம் மறுபடி 3 டிகிரி தூக்கல். உச்சிக்கும் பள்ளத்துக்கும் அருகில் ஒரு ஃபிரேமுக்கு 2 பிக்சல் மட்டுமே நகரும் வல்லம், நடுமட்டத்தைக் கடக்கும்போது 6 பிக்சல் நகர்வதைக் கவனியுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவாக 4, 4 என்று நகர்த்தினால் உச்சியில் போய் முட்டித் திரும்புவது போல இருக்கும்.

ஒவ்வொரு ஃபிரேமையும் செய்யும் முறை இது. வல்லத்தின் மூல லேயரை நகலெடுத்து, மூலத்தை லேயர் பட்டியலில் அதற்கு அருகில் உள்ள கண் குறியை அழுத்தி மறைத்துவிடுங்கள். நகலைச் சுழற்றும் கருவியால் வேண்டிய டிகிரி சுழற்றுங்கள். கிம்ப்பில் நேர்மறை எண் கடிகார முள்ளின் திசையில் சுழற்றும் என்பதால், வலப்புறம் பார்த்த அணியத்தைத் தூக்குவதற்குக் கழித்தல் 4 என்று கொடுக்க வேண்டும். பிறகு நகர்த்தும் கருவியை எடுத்து, அம்புக்குறி விசையால் ஓர் அழுத்தத்துக்கு ஒரு பிக்சல் வீதம் மேலோ கீழோ நகர்த்துங்கள். மூன்று லேயர்களும் சரியாக அமைந்தபின் 'லேயர்' மெனுவில் 'நியூ ஃப்ரம் விசிபிள்' கொடுத்தால், திரையில் தெரிவதெல்லாம் சேர்ந்து ஒரே லேயராகக் கிடைக்கும். அதற்குப் பெயரும் நேரமும் எழுதி, பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோய், உடனே கண் குறியை அழுத்தி மறைத்துவிடுங்கள். மறைக்காவிட்டால் அடுத்த ஃபிரேமை எடுக்கும்போது பழைய படமே மறுபடி கிடைக்கும். கடைசியாகச் சுழற்றிய நகலை அழித்துவிட்டு, அலையை ஆப்செட் செய்து, மூலத்திலிருந்து புதிய நகலோடு அடுத்த ஃபிரேமைத் தொடங்குங்கள்.

புதிய நகல் எடுப்பதற்குக் காரணம் உண்டு. அலையை முழு பிக்சல் எண்ணிக்கையில் இடம் மாற்றும்போது படம் கெடுவதில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் அதே லேயரை நகர்த்தலாம். சுழற்றுவது அப்படியல்ல. ஒவ்வொரு சுழற்சியிலும் மென்பொருள் பிக்சல்களைக் கலந்து புதிதாகக் கணிக்கிறது. ஏற்கெனவே சுழற்றியதையே மீண்டும் மீண்டும் சுழற்றினால் எட்டாவது ஃபிரேமுக்குள் வல்லத்தின் விளிம்புகள் மங்கிக் குழைந்துவிடும்.

எட்டும் முடிந்ததும் பட்டறைக் கோப்பைக் கிம்ப்பின் சொந்தக் கோப்பு வடிவமான எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமித்துவிட்டு, 'இமேஜ்' மெனுவில் உள்ள 'டூப்ளிகேட்' மூலம் முழுப் படத்துக்கும் ஒரு நகல் எடுங்கள். நகலில் வானம், வல்லம், அலை ஆகிய பட்டறை லேயர்களை அழித்து, எட்டு ஃபிரேம்களின் கண் குறிகளையும் மீண்டும் திறந்து, பிளேபேக்கில் ஓட்டுங்கள். ஃபிரேமுக்கு 120 மில்லிவினாடி வைத்தால் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு வினாடிக்கு வரும்.

தனுஷ்கோடிப் பக்கம் போனவர்களுக்கு ஒருபுறம் அமைதியான பெண்கடலும் மறுபுறம் சீறும் ஆண்கடலும் பழக்கமானவை. பெண்கடலுக்கு ஏற்ற இறக்கத்தை 3 பிக்சலுக்கும் சாய்வை 1 டிகிரிக்கும் குறைத்தால் போதும். ஆண்கடலுக்கு வேகத்தைக் கூட்டலாமே என்று தோன்றும், அது பலிக்காது. வேகமாகத் துள்ளும் படகைக் கண் பொம்மையாகவே எடுத்துக்கொள்ளும். பெரிய அலைக்கு உயரத்தோடு நேரமும் கூட வேண்டும். ஏற்ற இறக்கத்தை 16 பிக்சலாக்கி, ஃபிரேம்களைப் பதினாறாக்கி, அலையை 10 பிக்சல் வீதம் நகர்த்துங்கள். நடுமட்டத்திலிருந்து உச்சி வரை உயரங்கள் 0, 6, 11, 15, 16 என்று போகும். இறங்கும்போது அதே எண்கள் பின்னோக்கி வரும், நடுமட்டத்துக்குக் கீழேயும் அவையே திரும்பும். முன்பக்க அலையையும் அந்த உயரத்துக்கு மறுபடி வரைந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பாம்பன் தூக்குப்பாலம்

1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, இரண்டு இலைகளாகப் பிரிந்து மேல்நோக்கித் திறந்துவந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, கிடைமட்டமாகவே 17 மீட்டர் வரை மேலே எழும்புகிறது. பழகுபவர்களுக்குப் புதிய பாலமே எளிது, ஏனெனில் அதில் சுழற்சி இல்லை, நகர்வு மட்டுமே.

ஒரு மீட்டருக்கு 4 பிக்சல் என்று அளவு வைத்துக்கொண்டால் தூக்கும் பகுதி 290 பிக்சல் நீளமும், ஏற வேண்டிய உயரம் 68 பிக்சலும் ஆகும். இந்த 68ஐப் பன்னிரண்டு நகர்வுகளாக 1, 3, 5, 7, 9, 9, 9, 9, 7, 5, 3, 1 என்று பிரியுங்கள். கனத்த இரும்பு மெல்லக் கிளம்பி, சீராக ஏறி, மெல்ல நிற்கும். கோபுரங்களில் உள்ள எதிர்எடைகள், பாலம் ஒரு பிக்சல் ஏறும்போது ஒரு பிக்சல் இறங்கும்படி அதே எண்களில் கீழே வர வேண்டும். அதை வரையாமல் விட்டாலும் படம் ஓடும், ஆனால் எடை தெரியாது. அந்த இரண்டு கட்டைகள் இறங்குவதைக் கண்டதும்தான் மேலே போவது இரும்பு என்று மனம் ஒப்புக்கொள்கிறது.

தொடக்க நிலையோடு சேர்த்துப் பதின்மூன்று ஃபிரேம்கள் வரும். இறங்குவதற்குப் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் விட்டுவிட்டு இடையில் உள்ள பதினொன்றையும் நகலெடுத்துத் தலைகீழ் வரிசையில் மேலே அடுக்கினால் 24 ஃபிரேம்களில் பாலம் ஏறி இறங்கிவிடும். அடிநிலைக்கும் உச்சிநிலைக்கும் மட்டும் 1500 மில்லிவினாடி கொடுங்கள், மற்றவற்றுக்கு 100 போதும். பழைய பாலத்தைச் செய்ய விரும்புபவர்கள், சுழற்றும் கருவியின் மையக்குறியை இலையின் அடிப்பக்கத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டு சுழற்ற வேண்டும். அந்த இலைகள் நிமிரும்போதே சற்றுப் பின்னால் உருள்பவை என்பதால், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒன்றிரண்டு பிக்சல் கரைப்பக்கமாகவும் தள்ளினால் உண்மையான அசைவு கிடைக்கும்.

பறக்கும் பூநாரை

குளிர்காலத்தில் தனுஷ்கோடியின் ஆழமில்லாத நீர்ப்பரப்பில் இறங்கும் பூநாரையை நகர்த்தியும் சுழற்றியும் பறக்கவைக்க முடியாது, கையால்தான் வரைய வேண்டும். முன் ஃபிரேமின் மங்கலான தோற்றத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை வரைவது இதற்கான வழி. வரைந்து முடித்த லேயரின் 'ஒபாசிட்டி' எனப்படும் ஒளிபுகாமை அளவை 30 ஆகக் குறைத்துவிட்டு, அதற்கு மேலே ஒளிபுகும் வெற்று லேயரில் வரையுங்கள். முடிந்தபின் மறவாமல் 100 ஆக்கிவிடுங்கள்.

சிறகு முழுதும் மேலே, சிறகு முழுதும் கீழே என்ற இரண்டு நிலைகளையும் முதலில் வரைந்துகொண்டு, இறங்குவதற்கு இரண்டும் ஏறுவதற்கு இரண்டுமாக இடைநிலைகளைச் சேர்த்தால் ஆறு ஃபிரேம்கள் ஆகும். ஏறும்போது சிறகு மடங்கியபடி ஏற வேண்டும். இறங்கும்போது விரிந்து காற்றை அழுத்த வேண்டும், அந்த அழுத்தத்தில் உடல் இரண்டு மூன்று பிக்சல் மேலே எழ வேண்டும். நீண்ட கழுத்தும் கால்களும் முன்னும் பின்னும் நேராக நீண்டிருக்கட்டும். விரிந்த சிறகின் ஓரத்தில் கருப்பும் உள்ளே இளஞ்சிவப்பும் வைத்தாலே பறவை அடையாளம் தெரிந்துவிடும். இத்தகைய கைவரைவு பிடித்துப்போனால், காலக்கோடும் முன்ஃபிரேம் நிழலும் உள்ளேயே அமைந்த கிரிட்டா மென்பொருளுக்கு மாறுவது நல்லது. அதுவும் கட்டணமற்றதே.

கோப்பாக மாற்றுதல்

அசையும் படத்தை ஒரே கோப்பாகச் சேமிக்கும் ஜிஃப் வடிவம் 1987இல் உருவானது, ஒரு ஃபிரேமில் 256 நிறங்களுக்கு மேல் தாங்காது. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையின் மாலை வானத்தைப் போல ஆரஞ்சு மெல்ல மெல்ல ஊதாவாகும் பின்னணியை வரைந்தால், ஜிஃப்பில் அது பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். வானத்தை நான்கைந்து தட்டையான நிறங்களால் நாமே பிரித்து வரைந்துவிடுவது அழகாகவும் இருக்கும், கோப்பும் சிறிதாகும். அரைகுறை ஒளிபுகுதலும் ஜிஃப்பில் கிடையாது, ஒரு பிக்சல் முழுதும் தெரியும் அல்லது முழுதும் மறையும். அதனால் பின்னணியோடு சேர்த்தே ஃபிரேம்களைச் செய்வது பாதுகாப்பானது.

'பில்டர்ஸ்' மெனுவில் 'அனிமேஷன்' என்பதற்குள் இருக்கும் 'ஆப்டிமைஸ் பார் ஜிஃப்', முந்தைய ஃபிரேமிலிருந்து மாறிய பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிய புதிய படத்தைத் தரும். பாலத்தைப் போல நிலையான பின்னணி உள்ளவற்றில் கோப்பின் அளவு வெகுவாகக் குறையும். திரை முழுதும் அலை நகரும் படத்தில் அவ்வளவு ஆதாயம் இருக்காது. பிறகு 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து ஜிஃப்பாகச் சேமிக்கும்போது வரும் பெட்டியில் 'ஆஸ் அனிமேஷன்', 'லூப் ஃபாரெவர்' இரண்டையும் தேர்ந்தெடுங்கள். முதலாவதை மறந்தால் ஒரு நிற்கும் படம்தான் கிடைக்கும். ஜிஃப்பில் நேரம் வினாடியின் நூறில் ஒரு பங்காகவே பதிவாகும் என்பதால் எண்கள் பத்தின் மடங்காக இருக்கட்டும். 20 மில்லிவினாடிக்குக் கீழே போனால் உலாவிகள் பலவும் அதைப் பொருட்படுத்தாமல் மெதுவாகவே ஓட்டும்.

வாட்ஸ்அப்பில் ஜிஃப்பை அனுப்பினால் அது சிறிய வீடியோவாக மாற்றப்பட்டே போகும், நிறங்களின் ஓரம் சற்று மங்கலாம். அப்படியே போய்ச் சேர வேண்டுமானால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள். எக்ஸ்சிஎஃப் பட்டறைக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். வல்லத்தின் நிறத்தையோ பெயர்ப்பலகையையோ மாற்றச் சொல்லி யாராவது கேட்டால், நிறம் குறைந்து ஒட்டிப்போன ஜிஃப்பிலிருந்து அதைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது.